கரிசாலையின் கருமை

சேர்வராயன் மலையில் கொட்டச்சேட்டைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களில், மழைநீர் தங்கி ஈரம் காயாதிருக்கும் வாய்க்கால் கரைகளில், களைகொத்தும் நாளில் வேரோடு பெயர்த்து எறியப்படும் பூண்டுகளுள் கரிசலாங்கண்ணியும் ஒன்று. கரிசாலை, கையாந்தகரை என்றும் வழங்கும் இச்செடி, சாமந்தியும் சூரியகாந்தியும் சேர்ந்த கூட்டுப்பூக் குடும்பத்தைச் சார்ந்தது. அதாவது, ஒற்றைப் பூவாகக் கண்ணுக்குத் தோன்றும் அதன் வெண்ணிறப் பொத்தான், உண்மையில் நெருங்கி அமைந்த பல நுண்பூக்களின் தொகுதியாகும்.

'எக்லிப்டா' என்ற தாவரவியற் பெயர், 'குறைவுடையது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றின் விதைகள் காற்றில் மிதந்து செல்ல உதவும் மயிர்க்குஞ்சம் இதற்கு இல்லாததே அக்குறை. சிறகில்லாத விதை நீரையும் சேற்றையும் நம்பியே பரவ வேண்டியிருப்பதால், வரப்பும் ஓடைக்கரையும் குளத்தங்கரையுமே இதன் இருப்பிடங்களாயின.

தமிழ்நாட்டுக் கீரைக் கூடைகளில் வெள்ளைக் கரிசாலை, மஞ்சள் கரிசாலை என இரண்டு உண்டு. தாவரவியலார் இவற்றை ஒரே செடியின் இரு வகைகளாகக் கொள்வதில்லை. வெள்ளைப் பூ பூப்பது ஒரு பருவத்தில் முளைத்து முடியும் எக்லிப்டா, மஞ்சள் பூ பூப்பதோ கணுக்களில் வேர்விட்டுப் பல்லாண்டு படரும் வெடேலியா. ஆயினும் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்த வழக்கைப் பிழையென்று தள்ளிவிட முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய வேதியியலறிஞர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் ஆய்ந்தோரும் 1956-இல் வெளியிட்ட கட்டுரைகள், மஞ்சள் கரிசாலையால் பெயர் பெற்ற வெடெலோலாக்டோன் என்னும் பொருள் வெள்ளைக் கரிசாலையிலும் இருப்பதைக் காட்டின. பூவின் நிறத்தால் பிரிந்தவை சாற்றில் கூடுகின்றன.

இருப்பினும் கருமை வெள்ளைக் கரிசாலைக்கே உரியது. அதன் தண்டையும் இலையையும் கசக்கினால், பசுமையாய் வரும் சாறு காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் கருநீலமாக மாறுகிறது. செடியை இனங்காண இதைவிட எளிய சோதனை இல்லை. பச்சை குத்தியபின் புள்ளிகள்மேல் இவ்விலையைத் தேய்த்து நிறமேற்றும் வழக்கமும் இக்கருமையைக் கண்டே பிறந்தது. வீட்டுக் கண்மை செய்யும் முறை இன்னும் நுட்பமானது: வெள்ளைத் துணியைச் சாற்றில் தோய்த்து நிழலில் உலர்த்தி, மீண்டும் தோய்த்து உலர்த்தி, திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் அகலில் ஏற்றிக் கவிழ்த்த கலத்தில் படியும் புகைக்கரியை நெய்யில் குழைப்பார்கள். சாறும் எண்ணெயும் சுண்டக் காய்ச்சிய கூந்தல் தைலத்தை அறியாத தமிழ்வீடு குறைவு. வள்ளலார் இக்கீரையை நாள்தோறும் உண்ணத் தக்க மூலிகைகளுள் முதன்மையாக வைத்தார். சித்த மருத்துவம் காமாலைக்கும் இரத்தச் சோகைக்கும் இதனைக் கையாளுகிறது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாற்றின் கருமை மயிரின்மேல் ஏறும் சாயமே. நரைத்த மயிரை வேரிலிருந்து கறுக்கச் செய்யும் என்ற விளம்பரச் சொல்லை அப்படியே நம்புவதற்கில்லை. ஈரலைக் காக்கும் ஆற்றலுக்கு விலங்காய்வுகளில் சான்று கிடைத்துள்ளது என்றாலும், காமாலையின் காரணத்தை மருத்துவர் கண்டறியும் முன் கீரையை மட்டும் உண்டு காத்திருப்பது உயிருக்கே கேடாகலாம்.

ஈரத்தை நாடும் இச்செடி நகரத்துச் சாக்கடை ஓரத்திலும் செழித்து வளர்கிறது. அங்கே பறித்ததும், களைக்கொல்லி தெளித்த நிலத்தில் பறித்ததும் உணவுக்கு ஆகா. ஆகவே கொட்டச்சேடு போன்ற மலையூர்களில் காப்பித் தோட்டம் வைத்திருப்போர், களைகொத்தும்போது மருந்து படாத வாய்க்கால் கரையில் ஒரு முழ அகலத்தையேனும் கரிசாலைக்கு விட்டுவைக்க வேண்டும்.