கப்பலுக்கு முன்னும் பின்னும் இரண்டு விமானங்கள்

அலாஸ்கா கப்பல் பயணம் என்றதும் பனிப்பாறை, திமிங்கலம் என்று கற்பனை ஓட ஆரம்பித்துவிடும். எந்த அறை, ஜன்னல் உண்டா, பால்கனி உண்டா என்று வீட்டில் வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். விமான டிக்கெட்? "அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்." வினையே அங்கேதான் ஆரம்பம்.

வான்கூவரில் ஏறி, ஏழு இரவு கழித்து அலாஸ்காவின் சுவர்ட்டிலோ விட்டியரிலோ இறங்குகிற பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும் ஊர் கனடாவில், இறங்கும் ஊர் அமெரிக்காவில். இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். பேசாமல் சியாட்டிலில் ஏறி சுவர்ட்டில் இறங்கினால் என்ன? முடியாது. 1886-ல் அமெரிக்கா போட்ட சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆளை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது (நடுவில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் எதையாவது தொட்டால் ஒழிய). பெரிய சுற்றுலாக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா மாதிரி நாடுகளின் கொடியோடு ஓடுபவை. ஆகவே வான்கூவர். 2021-ல் கொரோனாவால் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, அமெரிக்கக் காங்கிரஸ் தற்காலிகமாக ஒரு தனிச்சட்டம் போட்ட பிறகுதான் இந்தக் கப்பல்கள் அலாஸ்கா போக முடிந்தது!

கப்பல் கம்பெனி வக்கீல்கள் கவலைப்படவேண்டிய விஷயம்தானே இது என்று தோன்றும். ஆனால் கடைசியில் பயணி தலையில்தான் விடிகிறது. அவர் கப்பல் கிளம்பும் அன்றைக்குக் காலை விமானத்தில் வருகிறார் என்று வையுங்கள். முதல் விமானம் தாமதம், இணைப்பு விமானம் போய்விட்டது, வந்து சேர்ந்தபோது கப்பலும் போய்விட்டது. "பரவாயில்லை, அடுத்த துறைமுகம் கெச்சிக்கனுக்குப் பறந்து போய்ப் பிடித்துக்கொள்ளலாம்" என்று நினைப்பார். ரயிலை விட்டவர் டாக்ஸி பிடித்து அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிற கணக்கு. கரீபியன் பக்கம் பல சமயம் இது நடக்கும், கையில் பாஸ்போர்ட் இருந்தால். அலாஸ்காவில் நடக்காது. கெச்சிக்கனும் அமெரிக்கா, சுவர்ட்டும் அமெரிக்கா. அவரை ஏற்றினால் அபராதம், எனவே ஏற்ற மறுத்துவிடலாம். ஒரு வருஷம் சேர்த்த பணம், அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய லீவு, எல்லாம் ஒரு மூன்று மணி நேரத் தாமதத்தில் காலி.

அதனால்தான் ஒரு நாள் முன்னாடியே வந்துவிடச் சொல்கிறார்கள். கோடையில் வான்கூவர் ஹோட்டல் வாடகை கொஞ்சம் கடிக்கும்தான், ஆனாலும் பயணத்தையே இழப்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. 2009-ல் வந்த கனடா லைன் ரயில், விமான நிலையத்திலிருந்து சுமார் 25 நிமிஷத்தில் வாட்டர்ஃப்ரண்ட் ஸ்டேஷனில் இறக்கிவிடும். அங்கிருந்து கப்பல் நிற்கும் கனடா பிளேஸ் நடக்கிற தூரம். அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே, கப்பலில் ஏறுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல் நின்றால் வரிசை அனுமார் வால்தான்.

டிக்கெட்டை வான்கூவருக்குப் போக, ஆங்கரேஜிலிருந்து திரும்ப என்று 'மல்டி சிட்டி' வகையில் ஒன்றாக எடுப்பது நல்லது. மலிவாக இருக்கிறதே என்று ஒரே வழிக்கு இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. கப்பல் கம்பெனிகளே விமானமும் ஏற்பாடு செய்து தருகின்றன. சிக்கல் வந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது லாபம். எந்த விமானம், எந்த நேரம் என்பதில் நமக்குப் பிடித்ததே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

திரும்புகாலில் வேறு கூத்து. சுவர்ட்டிலிருந்து ஆங்கரேஜ் விமான நிலையம் சுமார் 200 கிலோமீட்டர். ஒரே ஒரு சாலை. அதில் ஒரு விபத்து நடந்தால் மாற்றுப் பாதை கிடையாது. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், ரயிலில் நான்கு மணிக்கு மேல். விட்டியர் இன்னும் பக்கம், சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் ஊரை விட்டு வெளியே வர 4 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைத் தாண்டவேண்டும். ஒரே தடம். அதிலேயே ரயிலும் ஓடும், காரும் ஓடும், முறை வைத்து! வெளியே போகும் வண்டிகளுக்கு மணிக்கு ஒரு தடவைதான் திறப்பு. ஐந்து நிமிஷம் பிந்தினால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தேவுடு காக்கவேண்டியதுதான்.

கப்பல் விடியற்காலையிலேயே கரைக்கு வந்துவிடுகிறதே என்று 11 மணி விமானத்தைப் பிடிப்பவர்கள், கடைசி நாள் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வருவார்கள். ஆங்கரேஜிலிருந்து தெற்கே போகும் விமானங்களில் நிறைய ராத்திரிதான் கிளம்புகின்றன. அதில் ஒன்றை எடுத்துவிட்டு, பஸ்ஸை விட்டு ரயிலில் வருவதே புத்திசாலித்தனம். பாதையெல்லாம் மலையும் கடலுமாக வரும். ஜூன் மாதக் கடைசியென்றால் ராத்திரி 11 மணிக்கும் ஆங்கரேஜில் வெளிச்சம் இருக்கும் :-)