மயிலையில் வீடு வாங்குமுன்

சென்னை மயிலாப்பூரில் ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி அடுக்குமாடி வீடு வாங்க எண்ணும் அன்பர்கள், பத்திரத்தைப் பரிசோதிப்பதோடு தங்கள் பாதங்களையும் சாட்சிக்கு அழைப்பது நலம். வாசலிலிருந்து கபாலீசுவரர் கோயில் மாட வீதிகள் வரை நடந்து பாருங்கள். காய்கறிக் கடையும் மருந்துக் கடையும் 1997-ல் திறக்கப்பட்ட திருமயிலை ரயில் நிலையமும் எத்தனை நிமிஷ நடையில் இருக்கின்றன? நடைபாதையில் நிற்பது நிழல் மரமா, மோட்டார் சைக்கிளா? காலையில் ஒரு முறை, விளக்கேற்றிய பின் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை நடக்க வேண்டும். பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று அடிவைக்க இடமிராது. அந்த நெரிசல் ஆனந்தமா, தொல்லையா என்பதை அவரவர் மனமே சொல்லும். வீட்டினுள்ளே வேண்டியபடி மாற்றிக் கொள்ளலாம். தெருவை மாற்ற நம்மால் ஆகாது. பாட்டி கைத்தடியுடன் தனியே கோயிலுக்குப் போய்த் திரும்பக்கூடிய தெருவானால், துணிந்து முன்பணம் கொடுக்கலாம்.