முசௌரிக்குப் பெயர் தந்த செடி

முசௌரிக்கு வருபவர்கள் மால் ரோடில் நடக்கிறார்கள், கெம்ப்டி அருவியில் குளிக்கிறார்கள், மேகம் விலகினால் பனிச் சிகரங்களைப் பார்க்கிறார்கள். ஊருக்குப் பெயர் தந்த செடியைப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே மண்டிக் கிடந்த 'மன்சூர்' செடியிலிருந்தே ஊர்ப் பெயர் வந்தது என்பார்கள். மொழிபெயர்க்கும்போது ஊர்ப் பெயர்களை அப்படியே எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். இந்த முறை, பெயருக்குள் இருந்த செடியைத் தேடிப் போனேன்.

ஏப்ரல் மாதம். டேராடூன் பக்கம் இறங்கும் சரிவு. எங்கும் சுண்ணாம்புக்கல் பாறை. மழைநீர் வெடிப்புகள் வழியே உள்ளே போய்விடுவதால் மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. பெரிய பூவைத் தேடிய நான் அந்தச் செடியை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிதான் கூப்பிட்டுக் காட்டினார்.

அடையாளம் எளிது. வளைந்து தொங்கும் செம்பழுப்புக் கிளைகள். எதிரெதிராக இலைகள். ஒவ்வொரு இலையிலும் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் நுனி நோக்கி ஓடும். சரம் சரமாகப் பூக்கும் பூ மிகச் சிறியது. அதன் இதழ்கள் உதிர்வதில்லை. சதைப்பிடித்து விதைகளை மூடிக்கொள்கின்றன. கறுத்த பழம்போல் தெரிவது அந்த இதழ்கள்தான். வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம்: இந்த இனத்துச் செடிகள் நஞ்சுக்குப் பேர்போனவை. தாவரவியல் பெயர் கொரியாரியா நேபாலென்சிஸ்.

முசௌரி மலைகளைச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் ஒரு காலத்தில் தோலுரித்திருந்தன. 1983ல் டேராடூனிலிருந்து வந்த கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1985ல் பல குவாரிகளை மூட உத்தரவிட்டது. பிராந்திய ராணுவத்தின் சுற்றுச்சூழல் படை மரக்கன்றுகளை நட்டது. ஆனால் மண்ணே இல்லாத சரிவில் மனிதர் நடாமலே வேர்பிடிக்கும் செடிகளில் ஒன்று மன்சூர். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. மற்ற செடிகள் பின்னால் வர இது வழிவிடுகிறது.

மாலையில் விடுதிக்குத் திரும்பினேன். பின்புறச் சரிவில் கார் நிறுத்த இடம் ஒதுக்க, புதர்களை வெட்டிக் குவித்திருந்தார்கள். ஒரு கிளையை எடுத்து இலையைத் திருப்பினேன். மூன்று நரம்புகள். நிர்வாகியிடம் சொன்னேன். "வெறும் காட்டுச் செடி, சார்" என்றார். அவர் தலைக்கு மேலே, பெயர்ப்பலகையில் முசௌரி என்று பெரிதாக எழுதியிருந்தது.