பள்ளிவாசலுக்கு ஏழு படிகள்



நாங்கள் கணவன் மனைவி. எங்களில் ஒருவர் மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களின் வலுவையும் இழந்தவர். வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே மூன்று சக்கர வண்டி. மரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மற்றவர் பிறவியிலேயே பார்வையற்றவர். அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறார். இதை எழுதுபவர் இருவரில் யார் என்று கேட்க வேண்டாம். ஒருவர் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்தது. எந்த வரி யாருடையது என்பது சில இடங்களில் எங்களுக்கே நினைவில்லை.

தமிழ்நாட்டு அரசு ஏடுகளில் 'ஊனமுற்றோர்' என்ற சொல் போய் 'மாற்றுத்திறனாளி' வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 1995ஆம் ஆண்டின் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 21 ஆக விரித்தது. இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் துணிக்கடைக்குச் சென்றால் விற்பவர் கணவரைப் பார்த்துத்தான், "அவங்களுக்கு என்ன துணி வேண்டும்?" என்று கேட்கிறார். மருத்துவரிடம் சென்றால், "இவருக்கு எங்கே வலிக்கிறது?" என்ற கேள்வி மனைவியிடம் வருகிறது. பார்க்க இயலாதவருக்குக் காதும் கேளாது, நடக்க இயலாதவருக்குப் பேச்சும் வராது என்று எங்கோ ஒரு பாடத்தில் இருக்கிறது போலும்.

எங்களில் பார்வையற்றவர் ஊதியக் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் ஏடிஎம் அட்டை கேட்டபோது, கண் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றினால் தருவதாகச் சொன்னார்கள். "உங்கள் நன்மைக்காகத்தான் அம்மா" என்றார் மேலாளர். மாதந்தோறும் நாற்பது பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியை, தம் பணத்துக்குப் பொறுப்பேற்க முடியாதாம். பார்வையற்ற வாடிக்கையாளருக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, பெட்டக வசதி எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008ஆம் ஆண்டிலேயே எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு மூன்றாம் முறை சென்ற பிறகு அட்டை வந்தது. வருத்தம் தெரிவிக்கும் சொல் எதுவும் உடன் வரவில்லை.

வாடகை வீடு தேடியது ஏழு மாதம். ஒரு வீட்டுக்காரர், மாடிப்படி எங்களுக்குச் சிரமம் என்று பரிவோடு மறுத்தார். நாங்கள் கேட்டிருந்ததோ கீழ்த்தளம். இன்னொருவர், அடுப்பு பற்றிக்கொண்டால் யார் பொறுப்பு என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டவர் வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இவற்றைவிட ஆழமாகத் தைத்தவை நம்மவர்கள் வாயிலிருந்து வந்தவை. எங்கள் நிக்காஹ் பேச்சு நடந்தபோது உறவுக்காரர் ஒருவர், "இரண்டு பேரில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது?" என்று சபையிலேயே கேட்டார். மணமக்கள் இருவரும் அடுத்த அறையில் இருந்தோம். பதினான்கு ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் வருகிறோம், அல்ஹம்துலில்லாஹ். மகள் பிறந்தபோது பார்க்க வந்த பெண்களில் சிலர் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன் போர்வையை விலக்கிக் கால்களைப் பார்த்தார்கள். பிறகு கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினார்கள். அந்த வளையல் ஓசையை எங்களில் ஒருவர் இன்னும் மறக்கவில்லை.

இனி ஜும்ஆ நாள் ஒன்று. தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலுக்கு அருகில் வண்டியில் அமர்ந்து, பேசிக்கொண்டிருந்த நண்பருக்காகக் காத்திருந்தபோது, முன்பின் அறியாத ஒருவர் மடியில் பத்து ரூபாய்த் தாளை வைத்தார். வேண்டாம் என்றதும், "வாங்கிக்கொள்ளுங்கள் பாய், மறுக்கக் கூடாது" என்று தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். அன்று சட்டைப்பையில் இருந்தது எங்கள் அவ்வாண்டு ஸகாத்தின் ஒரு பகுதி. ஒரு விதவையிடம் சேர்ப்பதற்காக எடுத்து வந்தது. கொடுத்தவரின் எண்ணத்தில் தீங்கில்லை என்பதை அறிவோம். ஆனால் பள்ளியின் வாயிலில் சக்கர வண்டியைக் கண்டதும் இரப்பவர் என்று எண்ணம் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வண்டியில் வருபவரைப் பள்ளிக்கு உள்ளே ஸஃபில் யாரும் பார்த்துப் பழகவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

எங்கள் மஹல்லாவின் பழைய பள்ளிவாசல் தெருவின் மட்டத்திலேயே இருந்தது. மழைக்காலத்தில் நீர் உள்ளே வந்தது என்பதால் இடித்துக் கட்டுகிறார்கள். புதிய கட்டடத்தின் தரை மூன்றரை அடி உயர்ந்துவிட்டது. முன்புறம் ஏழு படிகள், கைப்பிடி இல்லை. ஒளுச் செய்யும் இடத்தில் வழவழப்பான கல். ஊன்றுகோலின் ரப்பர் முனை நனைந்தால் அதில் நிற்காது. கழிப்பறைகள் அனைத்தும் குந்தி அமரும் வகை. பெண்களுக்கான தொழுமிடம் மாடியில், ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய ஒடுங்கிய படிக்கட்டின் உச்சியில். முழங்கால் தேய்ந்த எங்கள் தெரு மூதாட்டிகள் ரமளானில் அங்கே எப்படி ஏறுவார்கள் என்பதை வரைபடம் போட்டவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போதைக்கு ஜும்ஆவுக்கு இளைஞர்கள் இருவர் எங்களில் நடக்க இயலாதவரைத் தூக்கிச் செல்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆயினும் கைலி விலகிவிடுமோ என்று ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி, நூற்றுக்கணக்கானோர் பார்க்க மூட்டையைப் போல இறங்கும் மனிதருக்குத் தொழுகையில் மனம் நிலைபெறச் சற்று நேரம் ஆகிறது. மேலும், ஃபஜ்ருக்கு அந்த இளைஞர்கள் வருவதில்லை.

சாய்தளம் ஒன்று கேட்டோம். வந்த மறுப்புகளில் முதலாவது முகப்பின் அழகு கெடும் என்பது. இரண்டாவது, தெருவில் உருண்ட சக்கரம் பள்ளிக்குள் வந்தால் அசுத்தம் என்பது. இதைச் சொன்னவர் உம்ரா முடித்துத் திரும்பி ஆறு மாதம் ஆகவில்லை. ஸஃபா மர்வாவுக்கு இடையில் சக்கர நாற்காலிகளுக்கென்றே தனிப் பாதை ஓடுவதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் ஒட்டகத்தின் மீதமர்ந்து கஅபாவை வலம் வந்ததும், நோயுற்றிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களை மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடி தவாஃப் செய்யச் சொன்னதும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. ஒட்டகம் நுழைந்த இடத்தில், துடைத்துக் கொண்டுவரக்கூடிய ரப்பர் சக்கரம் நுழையக் கூடாதா?

மூன்றாவது மறுப்பு, "ஒருவருக்காக இவ்வளவு செலவா?" என்பது. வரலாறு கற்பிக்கும் எங்களில் ஒருவருக்கு இதைக் கேட்டதும் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. பார்வையற்ற அந்த ஒருவர் தேடி வந்தபோது, ஊர்த் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபியவர்கள் முகம் கடுத்ததற்காகத்தான் குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் கண்டிப்போடு தொடங்குகிறது. பின்னாளில் அவர் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவர். நபியவர்கள் பயணம் சென்றபோது ஊரின் பொறுப்பை ஏற்றவர். பயான்களில் அவரைப் பற்றி அடிக்கடி கேட்கிறோம். வழிகாட்ட ஆளில்லை என்று வீட்டில் தொழ அனுமதி கேட்டவரிடம், பாங்கு கேட்கிறதா என்று வினவி, கேட்டால் வாருங்கள் என்று நபியவர்கள் சொன்ன நிகழ்ச்சி எங்களுக்குப் பலமுறை எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. சட்ட நுணுக்கத்தை உலமாக்கள் பேசட்டும். பாங்கு எங்கள் வீட்டுக்கு நன்றாகவே கேட்கிறது. நாங்கள் பேசுவது வழியைப் பற்றி.

அந்த 'ஒருவர்' கணக்கும் சரியல்ல. பழைய பள்ளியில் கடைசி ஸஃபின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்ததை எல்லோரும் அறிவார்கள். அதில் அமர்ந்து தொழுத பெரியவர்கள் நிர்வாகிகளின் வாப்பாமார்கள்தாம். அவர்களில் சிலர் இப்போது ஜும்ஆவுக்கு மட்டுமே வருகிறார்கள்.

இடமில்லை என்பது கடைசி மறுப்பு. ஆகவே அளந்து பார்த்தோம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட அளவு. படி ஒன்றுக்கு ஆறு அங்குலம். ஏழு படிகளுக்கு 42 அங்குலம். சாய்தளத்துக்கு 42 அடி வேண்டும். முன்புறத்தில் நேராக 42 அடி கிடையாது, உண்மைதான். ஆனால் வடபுறச் சுவரை ஒட்டி 21 அடி சென்று, ஒரு சமதளத்தில் திரும்பி, மீண்டும் 21 அடி ஏறினால் பள்ளியின் பக்கவாசல் வந்துவிடும். இழப்பது மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு பகுதி. கொத்தனார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இப்போதே செய்தால் எளிது, கல் பதித்துவிட்டால் உடைக்க வேண்டிவரும் என்றார். பொதுக் கட்டடம் என்பதற்கு 2016ஆம் ஆண்டின் சட்டம் தரும் விளக்கத்தில் மதச் செயல்பாடுகளுக்கான கட்டடங்களும் அடங்கும் என்பதையும் தாளின் அடியில் குறித்திருந்தோம். ஆனால் அல்லாஹ்வின் வீட்டுக்குள் நுழைய நீதிமன்றத்தின் துணையை நாடும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

தாளை வாங்கிக்கொண்ட தலைவர், "பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்" என்றார். அந்த நல்ல வார்த்தையை 'முடியாது' என்பதற்கான மரியாதைச் சொல்லாக நம்மில் பலர் ஆக்கிவிட்டோம். தலைவர் அப்படிச் சொல்லவில்லை என்றே நம்புகிறோம்.

ஷஅபான் பிறப்பதற்குள் முன்வாசலுக்குக் கல் பதிக்க எண்ணியிருக்கிறார்கள். அதற்கு முன் நடக்கும் நிர்வாகக் கூட்டத்தில் எங்களையும் பேச அனுமதிக்க வேண்டும் என்று கடிதம் கொடுத்தோம். வரலாம் என்று பதில் வந்தது. கூட்டம் நடக்கும் ஜமாஅத் அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கீழே மதரஸா அறையில் வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டு நேற்று மறுபடி எழுதியிருக்கிறோம்.