கூப்பர் ஓடையின் கூலிபா மரம்

அவுஸ்திரேலியாவின் உள்நாட்டிலே, குயீன்ஸ்லாந்தின் தென்மேற்கு மூலையில், கூப்பர் ஓடைக் கரையிலே முதியதொரு கூலிபா மரம் நிற்கின்றது. ‘தோண்டு’ என்னும் பொருள்பட அதன் அடிமரத்தில் 1861ஆம் ஆண்டு செதுக்கப்பட்ட ஆங்கில எழுத்துக்களைப் பட்டை வளர்ந்து மூடிவிட்டது. அவ்வெழுத்துக்களின் கதை மறக்கற்பாலதன்று.

கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் நோக்குடன், 1860 ஓகஸ்ட் 20ஆந் திகதி, றொபேட் பேர்க்கின் தலைமையில் 19 பேர் மெல்பேணை விட்டுப் புறப்பட்டனர். இந்தியாவிலிருந்து தருவித்த ஒட்டகங்களும் உடன் சென்றன. கூப்பர் ஓடையிற் சிலரைக் காவலிருத்திவிட்டு, பேர்க், வில்ஸ், கிங், கிறே ஆகிய நால்வரும் டிசெம்பரில் வடதிசை நோக்கி நடந்தனர். பெப்ருவரியில் வடகடலை அண்மினர். கண்டற் சதுப்பு வழிமறித்தமையால் கடலைக் கண்ணாற் காணாமலே திரும்பினர். வழியிற் கிறே இறந்தார்.

ஏப்பிரல் 21ஆந் திகதி மாலை எஞ்சிய மூவரும் தள்ளாடியபடி ஓடைக்கரையை அடைந்தனர். பாளையம் வெறுமையாய்க் கிடந்தது. நான்கு மாதங்களுக்கு மேலாகக் காத்திருந்தோர் அன்று காலையிலேதான் புறப்பட்டிருந்தனர்! மரம் காட்டிய இடத்தைத் தோண்டி உணவை எடுத்தனர். கடிதமொன்றைப் புதைத்து மண்ணைப் பழையபடியே மூடினர். மரத்திலே புதுக்குறி எதுவும் இட்டாரில்லர். மே மாதத்தில் திரும்பி வந்து பார்த்த காவற்றலைவர் பிராஹே, மண் கலையாதிருக்கக் கண்டு, எவரும் வரவில்லையென்றெண்ணி மீண்டார்.

அவ்வோடையோ உணவற்ற இடமன்று. மடுக்களில் மீன் உண்டு. வெள்ளம் பெருகும் ஆண்டுகளிலே கூழைக்கடாக்கள் கூட்டங்கூட்டமாய் வந்து குஞ்சு பொரிக்கும் நாடு அது. அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யந்துருவந்தா மக்கள், வந்தோர்க்கு மீனும் நர்டு மாவும் ஈந்தனர். நர்டு வேறொன்றுமன்று, நம் வயல்களில் முளைக்கும் ஆரைக்கீரையின் இனத்ததே. நாம் இலையைச் சமைக்கின்றோம்; அவர்கள் விதைபோன்ற காய்களை அரைத்து மாவாக்கினர். அக்காய்களில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் பொருளொன்று உண்டு. அம்மக்கள் அதனைப் பக்குவஞ் செய்யும் முறையறிந்தவர். அம்முறையை முற்றும் அறியாத மூவரும் நாள்தோறும் இடித்துத் தின்றனர். வயிறு நிறைந்தது, உடல் தேய்ந்தது. ‘பெரிபெரி’ நோயே அவர்களை வாட்டியதென்பது பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து. பேர்க்கோ, அன்புடன் நெருங்கி வந்தவர்களைத் துப்பாக்கி வெடித்து விரட்டினார்.

சில நாள் இடைவெளியில் வில்ஸும் பேர்க்கும் மாண்டனர். கிங் மட்டும் அம்மக்களைத் தேடிச் சென்று அவர்களுடன் தங்கினார். அவர்கள் ஊட்டிக் காத்த அவரைச் செப்டெம்பர் 15ஆந் திகதி தேடற்குழுவினர் உயிருடன் கண்டனர்.

1865இல் மெல்பேணில் பேர்க்குக்கும் வில்ஸுக்கும் வெண்கலச் சிலை எழுந்தது. யந்துருவந்தா மக்களுக்குக் கிடைத்தவை, மார்பில் அணியும் பித்தளைத் தகடுகள் சில.