தீ விட்டுவைத்த தெருக்கள்... பின்லாந்தின் துர்க்குவில் மூன்று நாள்!

பின்லாந்தின் துர்க்கு நகரில் ஆற்றைக் கடக்க ஒரு குட்டிப் படகு இருக்கிறது. மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். பெயர் ஃபோரி. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச்சேர இரண்டு நிமிடம்கூட ஆகாது. டிக்கெட் கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டும், குழந்தையின் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டும் வருகிறவர்கள் ஏறி நிற்கிறார்கள். மறுகரை வந்ததும் இறங்கிப் போகிறார்கள். 1904-ல் நீராவியில் ஓடத் தொடங்கிய படகு, பிறகு டீசலுக்கு மாறி, 2017 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது.

பெரிய கோட்டையும் பழைய பேராலயமும் இருக்கிற ஊரில், உள்ளூர்க்காரர்களின் செல்லப்பிள்ளை இந்தப் படகுதான். அதற்குக் காரணம் உண்டு. அரசாங்கம், பல்கலைக்கழகம், மாளிகைகள் எனப் பெருமைக்குரிய எல்லாமே ஒரு காலத்தில் துர்க்குவைக் கைவிட்டுப் போயின. கூடவே நின்றவை சாதாரண மக்களும் அவர்களுடைய ஆறும்தான். மூன்று நாள் சுற்றிப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

ஆறுதான் வழிகாட்டி

ஹெல்சிங்கியில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் துர்க்கு. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமிலிருந்து கப்பலிலும் வரலாம். ஆயிரக்கணக்கான தீவுகளுக்கு நடுவே கப்பல் நுழைந்து நுழைந்து வருவதைப் பார்ப்பதே ஒரு சுற்றுலா.

ஊரின் நடுவே ஓடுகிறது அவுரா ஆறு. சுமார் 70 கிலோமீட்டர் நீளம்தான். பெரிய நதி என்று சொல்ல முடியாது. ஆனால், பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இதன் இரு கரைகளில்தான் இருக்கின்றன. ஒரு முனையில் பேராலயம், கடலைத் தொடும் இடத்தில் கோட்டை. இரண்டுக்கும் நடுவே சுமார் மூன்று கிலோமீட்டர். வரைபடம் இல்லாமலே ஆற்றை ஒட்டி நடந்தால் போதும். ஊர்க்காரர்கள் இடத்துக்கு வழி சொல்லும்போதும் ‘இந்தக் கரை’, ‘அந்தக் கரை’ என்றுதான் சொல்கிறார்கள்.

தெருப் பெயர்ப் பலகைகளில் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் என இரண்டு மொழிகள் இருக்கும். ஸ்வீடிஷ் மொழியில் இந்த ஊருக்குப் பெயரே வேறு... ஓபோ! பின்லாந்து சுமார் அறுநூறு ஆண்டுகள் ஸ்வீடனின் பகுதியாக இருந்தது. அந்தக் காலத்தில் பின்லாந்து மண்ணின் முதன்மையான நகரம் துர்க்குதான். 1229-ம் ஆண்டை ஊரின் பிறந்த ஆண்டாகக் கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் இது நாட்டின் மிகப் பழைய நகரம்.

முதல் நாள்: ராணியின் கல்லறை

காலையில் பேராலயத்திலிருந்து தொடங்கலாம். 1300-ல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் இது. செங்கல்லால் ஆன அதன் பெருங்கோபுரம் ஊரில் எங்கே நின்றாலும் கண்ணில் படும். நண்பகல் 12 மணிக்கு இங்கே ஒலிக்கும் மணியோசையை 1944 முதல் தேசிய வானொலி நாடு முழுவதும் ஒலிபரப்புகிறது. வடக்கே பனிக்காட்டுக் கிராமத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவரும் துர்க்குவின் மணியைக் கேட்கலாம்.

உள்ளே ஒரு பக்கச் சிற்றாலயத்தில் கறுப்புக் கல்லறைப் பேழை ஒன்று இருக்கிறது. அங்கே உறங்குபவர் காரின் மோன்ஸ்டாட்டர், ஸ்வீடனின் ராணி. அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. ஒரு சாதாரணப் படைவீரரின் மகள். மன்னர் பதினான்காம் எரிக் அவரைக் காதலித்து மணந்தார். 1568 ஜூலையில் முடிசூட்டு விழா. அதே ஆண்டு செப்டம்பரில் மன்னரின் தம்பி யோஹான் ஆட்சியைப் பறித்துக்கொண்டார். காரின் ராணியாக வாழ்ந்தது மூன்றே மாதம்.

அதன் பிறகு கணவரோடு சிறைவாசம். 1570-71ல் அவர்கள் அடைக்கப்பட்டிருந்தது இதே துர்க்குவின் கோட்டையில். பின்னாளில் பின்லாந்தின் உள்பகுதியில் ஒரு பண்ணை வீடு அவருக்குத் தரப்பட்டது. அங்கேயே அமைதியாக வாழ்ந்து 1612-ல் இறந்தார். படைவீரர் மகளான இந்த ராணியை பின்லாந்து தன்னிடமே வைத்துக்கொண்டது.

ஆலயத்தை ஒட்டியே பழைய பெருஞ்சதுக்கம். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 24 அன்று நண்பகல், இங்குள்ள மாளிகையின் பால்கனியிலிருந்து ‘கிறிஸ்துமஸ் அமைதி’ அறிவிக்கப்படுகிறது. பண்டிகையை அமைதியாகக் கொண்டாட வேண்டும், அதைக் கெடுப்பவருக்குத் தண்டனை உண்டு என்பது அதன் சாரம். 1320-களில் தொடங்கியதாகக் கருதப்படும் வழக்கம் இது. சில இடைவெளிகளைத் தவிர, இன்றுவரை தொடர்கிறது. அன்று சதுக்கம் நிரம்பி வழியும். மற்றவர்கள் வீட்டில் டி.வி முன்னால் காத்திருப்பார்கள்.

அந்த ஒரு ராத்திரி

சதுக்கத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களைப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். இவ்வளவு பழைய ஊரில் இடைக்கால வீடுகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

1809-ல் பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கைக்கு மாறியது. துர்க்கு ஸ்வீடனுக்கு மிக அருகே இருப்பதை ஜார் மன்னர் முதலாம் அலெக்சாண்டர் விரும்பவில்லை. 1812-ல் தலைநகரை ஹெல்சிங்கிக்கு மாற்றினார். முதல் இழப்பு அது.

அதைவிடப் பெரியது பின்னால் வந்தது. 1827 செப்டம்பர் 4, இரவு. ஒரு வீட்டில் பிடித்த தீ, காற்றில் பரவி மரவீடுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. கூரையிலிருந்து கூரைக்குத் தாவி, ஆற்றையும் தாண்டியது. மறுநாள் பார்க்கும்போது நகரத்தில் நான்கில் மூன்று பங்கு சாம்பல். சுமார் 11,000 பேர் வீடிழந்தார்கள். பேராலயத்தின் உட்புறமும் கோபுரமும் எரிந்தன.

1640-ல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் நூலகமும் போனது. அன்று யாரோ படிக்க எடுத்துப்போய், திருப்பித் தராமல் வைத்திருந்த புத்தகங்கள் தப்பின! அடுத்த ஆண்டே பல்கலைக்கழகத்தையும் ஹெல்சிங்கிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருபது ஆண்டுகளுக்குள் ஆட்சியும் கல்வியும் வீடுகளும் போய், துர்க்கு வெறும் ஊராக நின்றது.

ஏழைகளின் குன்று

பேராலயத்திலிருந்து பத்து, பதினைந்து நிமிட நடையில் லுவோஸ்தரின்மாக்கி வருகிறது. ‘மடாலயக் குன்று’ என்று பொருள். தீ எட்டாத மூலை இது. பணக்காரர்கள் ஆற்றங்கரையில் நல்ல இடம் பார்த்து வீடு கட்டிய காலத்தில், அதற்கு வசதியில்லாத தச்சர்கள், கொல்லர்கள், மாலுமிகள், கூலிக்காரர்கள் ஊருக்கு வெளியே இந்தக் குன்றின் சரிவில் குடிசைபோல மரவீடுகள் கட்டிக்கொண்டார்கள். மாளிகைகள் எரிந்தன, இவை பிழைத்தன.

பிழைத்தும் நிம்மதியில்லை. தீக்குப் பின் கார்ல் லுட்விக் எங்கல் என்ற கட்டடக் கலைஞர் புதிய நகரத்தைத் திட்டமிட்டார். அகலமான தெருக்கள், நேரான சதுரங்கள், தீ பரவாத இடைவெளிகள்... அந்தத் திட்டத்தில் இந்த நெருக்கமான வீடுகளுக்கு இடமில்லை. இடிக்க வேண்டியவைதான். ஆனால், இடிப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் இவற்றின் அருமை ஊருக்குப் புரிந்துவிட்டது. 1940-ல் முழுக் குடியிருப்பும் கைவினை அருங்காட்சியகமானது.

இங்கே எதையும் வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்து நட்டுவைக்கவில்லை. கட்டிய இடத்திலேயே வீடுகள் நிற்கின்றன. புல் முளைத்த முற்றம், தாழ்வான வாசல், ஒரே அறையில் அடுப்பும் கட்டிலும் தொழில் கருவிகளும். கோடையில் அந்தக் கால உடையணிந்த கைவினைஞர்கள் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்து காட்டுகிறார்கள். குழந்தைகளை அழைத்துப்போனால் கிளப்பிக்கொண்டு வருவது சிரமம்.

ஆனாலும் ஒரு சோகம் மிச்சம் உண்டு. தீக்குப் பின் எழுந்த அழகான மரவீடுகளில் பலவற்றை, 1950-களிலிருந்து சில பத்தாண்டுகளில் நகரமே இடித்துத் தள்ளியது. அந்த இடங்களில் கான்கிரீட் அடுக்குமாடிகள் முளைத்தன. அரசியலும் கட்டட வியாபாரமும் கைகோத்த அந்தக் காலத்துக்கு ‘துர்க்கு நோய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பழைய வீட்டை இடிக்கும் பேச்சு வந்தால், பின்லாந்தின் பிற ஊர்களிலும் இந்த நோயின் பெயரைச் சொல்வார்கள்.

இரண்டாம் நாள்: சந்தை முதல் கோட்டை வரை

காலையில் 1896-ல் திறந்த சந்தைக் கட்டடத்துக்குள் நுழையலாம். மீன், பாலாடைக்கட்டி, ரை தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி என வரிசையாகக் கடைகள். சைவக்காரர்களுக்கு அரிசிக் கஞ்சியை உள்ளே வைத்துச் சுடும் கரேலியப் பணியாரம் கைகொடுக்கும். மேலே தடவும் வெண்ணெயில் முட்டை கலந்திருக்கும். வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏலக்காய் மணக்கும் இலவங்கப்பட்டை பன்னை விடாதீர்கள். அதன் ஃபின்னிஷ் பெயருக்கு ‘காதில் ஓர் அறை’ என்று பொருள்! ஜூலையில் சந்தைச் சதுக்கத்தில் பச்சைப் பட்டாணி வாங்கி, உரித்து அப்படியே மென்றபடி நடப்பது உள்ளூர் பழக்கம்.

இனி கடலை நோக்கி நடை. பாலத்தருகே ஓடும் கோலத்தில் பாவோ நூர்மியின் சிலை. இந்த ஊரில் பிறந்து ஒலிம்பிக்கில் ஒன்பது தங்கம் வென்ற ஓட்டக்காரர். கரையோரம் மிதக்கும் உணவகங்கள், பிறகு ஃபோரி படகு. அதனருகே செங்குத்தான சரிவில் இன்னொரு இலவச வாகனம். 2019-ல் வந்த இழுவை ரயில், ககோலா குன்றின் உச்சிக்கு ஏற்றிவிடுகிறது. உச்சியில் இருப்பது 2007 வரை இயங்கிய சிறைச்சாலை. நாட்டையே நடுங்கவைத்த அந்தக் கற்சுவர்களுக்குள் இன்று குடியிருப்புகளும் பேக்கரியும் ஹோட்டலும்!

கீழே இறங்கி நடந்தால் வெள்ளைப் பாய்மரக் கப்பல் ‘சுவோமென் யோட்சென்’, அதாவது ‘பின்லாந்தின் அன்னம்’. 1902-ல் பிரான்ஸில் கட்டப்பட்டது. கடற்படைக்குப் பயிற்சிக் கப்பலாக உலகம் சுற்றியது. இப்போது ஏறிப் பார்க்கலாம்.

கடைசியில் கோட்டை. 1280-களில் கட்டத் தொடங்கியது. சாம்பல் நிறக் கல், அலங்காரமில்லாத உயரமான சுவர்கள். காரினும் எரிக்கும் கைதிகளாக இருந்தது இங்கேதான். அவர்களைச் சிறைவைத்த யோஹான், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இதே கோட்டையில் போலந்து இளவரசியான மனைவியோடு ஆடம்பரமாக வாழ்ந்தவர். விருந்து மண்டபமும் இருட்டறைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 1941-ல் போர்க்காலக் குண்டுவீச்சில் கோட்டை எரிந்தது. 1961-ல்தான் சீரமைப்பு முடிந்தது.

மூன்றாம் நாள்: குழந்தைகளுக்கு

பக்கத்து ஊரான நான்தாலி பேருந்தில் போகும் தூரம்தான். 1993-ல் அங்கே ஒரு குட்டித் தீவில் மூமின் உலகம் திறக்கப்பட்டது. டூவே யான்சன் எழுதி வரைந்த, நீர்யானை முகம் கொண்ட வெள்ளை மூமின்கள் அங்கே நீல வீட்டில் குடியிருக்கின்றன. கோடையில் மட்டும்தான் முழுமையாக இயங்கும். பெரியவர்களுக்கு நான்தாலியின் மரவீட்டுத் தெருக்களும் துறைமுகமும் போதும்.

போகும் முன்

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். ஜூனில் சூரியன் மறைய இரவு 11 மணியை நெருங்கும் என்பதால், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். கோடையிலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

கிளம்பும் முன் பேராலயத்துக்குப் பின்னால், குன்றின்மேல் இருக்கும் பல்கலைக்கழகத்தையும் எட்டிப் பார்க்கலாம். இழந்ததைத் துர்க்கு மறக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகு, ஃபின்னிஷ் மொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் வேண்டுமென்று பணம் திரட்டினார்கள். மன்னரோ, ஜாரோ தரவில்லை. 22,040 பேர் கொடுத்தார்கள். 1920-ல் துர்க்கு பல்கலைக்கழகம் பிறந்தது.

இரவு 10 மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும். ஃபோரி படகு அப்போதும் போய்வந்துகொண்டிருக்கும். யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம்.