படகு வரிசை

மே மாத ஞாயிறு. கோமுகி அணையைத் தாண்டி மலையேறும்போதே வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. கரியாலூர் படகுத்துறையில் எனக்கு முன்னால் நாற்பது பேர். எரிச்சலில், பார்த்திராத வெனிஸ் ஞாபகம் வந்தது. அதன் ஜூதெக்கா கால்வாய்க்குள் பெரிய உல்லாசக் கப்பல்கள் நுழையக்கூடாதென்று 2021இல் இத்தாலி தடுத்தது. மறுவருஷம் சென்னையிலிருந்து போன கார்டீலியாவைப் புதுச்சேரி நிறுத்த விடவில்லை. அங்கே பேச்சு சூதாட்டத்தைப் பற்றி, நெரிசலைப் பற்றியல்ல. 2024இல் ஐகான் ஆஃப் த ஸீஸ் வந்தது, 7,600 பயணிகள் வரை ஏற்றும் கப்பல். படுக்கை, சோறு, கேளிக்கை எல்லாம் உள்ளேயே. இறங்கும் ஊருக்குச் சில மணி நேர நெரிசல் மிச்சம். இதைப் படித்த நாளிலிருந்து நான் வெனிஸின் கட்சி.

வரிசையை விட்டு வழக்கமான டீக்கடைக்கு வந்தேன். கடைக்காரர் மலையாளிப் பழங்குடி, என்னைவிட மூத்தவர். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த மலை இது. அவர் அதைப் பார்த்தவர்.

“வியாபாரம் எப்படி, பெரியவரே?”

“சோறு கட்டிக்கிட்டு வர்றீங்க, தண்ணியும் கொண்டாந்திடுறீங்க. எங்கிட்ட டீ மட்டுந்தான். அஞ்சு மணிக்கெல்லாம் எறங்கிடுவீங்க, சார்.”

குறையாகச் சொல்லவில்லை, கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். நாற்பது பேரை எண்ணியபோது என்னைச் சேர்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பையில் கள்ளக்குறிச்சியில் கட்டிய புளியோதரை இருந்தது. அவர் முன்னால் பிரிக்கக் கூசிற்று. இன்னொரு டீ சொன்னேன்.